பேரை வெட்ட வேண்டாம்

(தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்கள், வெளிக்கள உத்தியோகத்தர்கள், கங்காணிமார், மாதர் சங்கத் தலைவிகள், பிள்ளை மடுவப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்கான ஒருநாள் கருத்தரங்கில் எமது சுகாதாரப் பிரிவினர் நிகழ்த்திய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



மார்புப் புற்றுநோயைப் பற்றி இதே மாதிரிக் கூட்டங்களில் முன்பும் பேசியிருக்கிறோம். கட்டியை எப்படித் தடவிப் பார்ப்பது, எந்தக் கிளினிக்குக்குப் போவது என்றெல்லாம் சொல்லியிருக்கிறோம். இலங்கைப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று இதுதான் என்பதும் உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அதற்குப் பின்னால் உள்ள கதையைப் பேசலாம் என்று நினைக்கிறோம். ஒப்பரேஷன் முடிந்தது. மருந்து ஏற்றி முடிந்தது. கதிர் சிகிச்சையும் முடிந்தது. தலைமுடி ஒரு விரற்கடை வளர்ந்த நிலையில் அந்த அக்கா ஒருநாள் காலையில் பெரட்டுக்களத்துக்கு வந்து, "ஐயா, எனக்கும் பேர் போடுங்க" என்று நிற்கிறார். அப்போது நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்?

நாங்கள் போய்வருகிற தோட்டங்களில் இரண்டு விதமான பதில் கேட்டிருக்கிறோம். ஒன்று, "சுகமாயிட்டா எல்லாரையும் போல நிரை புடிச்சு எடுங்க, கிலோ கொறஞ்சா அரைப்பேருதான்" என்பது. மற்றது, "ஐயோ பாவம், உங்களுக்கு இனி எதுக்கு மலை? சேமலாப நிதியை எடுத்துக்கிட்டு வீட்டோட இருங்க" என்பது. முதலாவது கல் நெஞ்சம் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது நல்ல மனசோடு சொல்லப்படுகிறது. ஆனால் அதிகக் கேடு செய்வது இரண்டாவதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஏன் என்று பாருங்கள். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் சாதாரணமாக 50 வயதில்தான் எடுக்க முடியும். வேலையை விட்டுவிட்டேன் என்பதற்காக மட்டும் 42 வயதுப் பெண்ணுக்கு அந்தப் பணம் கைக்கு வராது. இனி எந்த வேலையும் நிரந்தரமாகச் செய்ய முடியாது என்று வைத்தியச் சான்று இருந்தால்தான் அதற்கு முன்பு வரும். மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிய பெண்கள் அநேகருக்கு அப்படி ஒரு சான்றை எந்த டாக்டரும் கொடுக்க மாட்டார். ஏனென்றால் அது உண்மை இல்லை. ஆக, யாரோ ஒருவருடைய இரக்கப் பேச்சைக் கேட்டுப் பேரை வெட்டிக்கொண்ட பெண்ணுக்கு வேலையும் இல்லை, நிதியும் இல்லை. சேவைக்காலப் பணம் கிடைக்கும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடம் சேவை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கு அது. அந்தத் தொகை எத்தனை மாதத்துக்குக் காணும்? கண்டிக்கும் மஹரகமவுக்கும் போய்வரும் பஸ் காசுக்கே சரியாகிவிடும். பேர் செக்ரோலில் இருந்தால் மாதாமாதம் அவருடைய 8 சதவீதமும் தோட்டத்தின் 12 சதவீதமும் சேர்ந்துகொண்டே போகும், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் சேரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். 10 வருடம் சேவை முடித்து, நிதியில் 3 இலட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருக்கிறவர்கள், வேலையில் இருந்தபடியே 30 சதவீதம் வரை வீட்டுத் தேவைக்கும் வைத்தியத் தேவைக்கும் எடுக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. இதைத் தெரியாமல் வட்டிக்காரரிடம் தோடு மூக்குத்தியைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேட்டால் படிவமும் விபரமும் சொல்வார்கள். சங்கத் தலைவர்மார் இதைக் குறித்துக்கொள்ள வேணும்.

சரி, பணக் கணக்கு போதும். கைக்கு வருவோம். இந்த நோயிலிருந்து தேறிய பெண்ணுக்கு மலையில் இருக்கிற பிரச்சினை பெரும்பாலும் கையும் தோளும்தான்.

தேயிலை மலையில் கான் வெட்டுவது எதற்கு என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. நம் உடம்பிலும் அந்த மாதிரி நுண்ணிய கான்கள் இருக்கின்றன. இரத்தக் குழாய்களிலிருந்து கசிகிற நீர் அவற்றின் வழியே வடிந்து திரும்பவும் இரத்தத்தில் சேருகிறது. அதை நிணநீர் என்பார்கள். கையிலிருந்து வரும் கான்கள் எல்லாம் கக்கத்தில் உள்ள சின்னச் சின்ன முடிச்சுகளில் வந்து கூடுகின்றன. மார்புப் புற்றுநோய் பரவினால் அநேகமாக முதலில் போய் நிற்கும் இடமும் அந்த முடிச்சுகள்தான். ஆகவே ஒப்பரேஷனில் மார்போடு அவற்றையும் பல பேருக்கு எடுத்துவிடுகிறார்கள். கான் சந்தியை எடுத்துவிட்டால் தண்ணீர் தேங்கத்தானே செய்யும்? முடிச்சுகளை முழுதாக எடுத்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. ஒப்பரேஷன் செய்த உடனே வரவேண்டும் என்றில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்தும் வரும். முதல் அடையாளம் வளையல்தான். நேற்று வரை இலகுவாகக் கழன்ற வளையல் இறுகுகிறது, ஜாக்கெட் கை பிடிக்கிறது, கை கனக்கிறது என்றால் காட்ட வேணும். ஆரம்பத்தில் காட்டினால் கட்டுப்படுத்தலாம். மரக்கட்டை மாதிரி இறுகிப்போன பிறகு கஷ்டம்.

"அப்படியென்றால் கையை ஆட்டாமல் வைத்திருப்பதுதானே நல்லது?" என்று கேட்பீர்கள். வைத்தியர்களே நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கனடாவில் வான்கூவர் நகரத்தில் டொன் மக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் ஒருவர் இதை நம்பவில்லை. 1996இல் மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற 24 பெண்களைச் சேர்த்து, அவர்களுக்கு நீண்ட படகில் உட்கார்ந்து துடுப்புப் போடப் பழக்கினார். துடுப்புப் போடுவது என்றால் சும்மா இல்லை, நிமிஷத்துக்கு எத்தனையோ தடவை இரண்டு கையையும் தோளையும் இழுத்து வாங்குகிற வேலை. அவர்களில் யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. பிறகு 2009இல் அமெரிக்காவில் கெத்ரின் ஷ்மிட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு வருடம் பாரம் தூக்கப் பழக்கினார்கள். பாரம் தூக்கியவர்களுக்கு மற்றவர்களைவிட வீக்கம் கூடவில்லை. திடீரென்று வீக்கம் மோசமாவது அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. தசை அசையும்போதுதான் நிணநீரும் தள்ளப்பட்டு ஓடுகிறது என்பதே இதன் சூட்சுமம்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே 20 கிலோ கூடையைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பெண்கள் மிகக் குறைந்த பாரத்தில் தொடங்கினார்கள். வாரத்துக்கு இரண்டு நாள்தான். பக்கத்தில் பழக்குபவர் ஒருவர் இருந்தார். கையில் எலாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். கை ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் பாரத்தைக் கூட்டினார்கள். எட்டு மணித்தியாலம் ஏற்ற மலையில், மழையில் நனைந்த கொழுந்தோடு நிற்பது வேறு விஷயம். நாங்கள் சொல்ல வருவது, அந்தக் கைக்கு வேலை வேணும், அதை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்க வேணும். தோட்டத்தில் அதைச் செய்யக்கூடியவர் டாக்டர் அல்ல. நிரை பிரித்துக் கொடுக்கிற கங்காணிதான்.

இனி கொழுந்து எடுக்கிற வேலையையே கவனியுங்கள். எடுக்கிறது விரல். அதில் பெரிய பாரம் இல்லை. கஷ்டம் எங்கே என்றால், கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னுக்கு வீசிக் கூடையில் போடுகிறோம் இல்லையா, அந்த இடத்தில். மார்பை எடுத்து, கதிரும் பிடித்த பக்கத்துத் தோள் இறுகிப்போயிருக்கும். கை மேலே போகும், பின்னுக்குத் திரும்பாது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை அப்படி வீசுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே ஆரம்ப மாதங்களில் முதுகுக் கூடை வேண்டாம். இடுப்பில் முன்பக்கமாகக் கட்டிய துணிப் பையில் எடுத்து, நிறைய நிறையப் பக்கத்திலுள்ள சாக்கில் கொட்டலாம். அந்தச் சாக்கை மடுவத்துக்குக் கொண்டுபோக வேறு ஒருவர் உதவினால் போதும். சில தோட்டங்களில் இப்போது தலைக்கயிறு போய்த் தோள்பட்டி வந்திருக்கிறது. தலைக்கும் கழுத்துக்கும் அது நல்லதுதான். ஆனால் ஒப்பரேஷன் செய்த பக்கத்துத் தோளில் பட்டி அழுத்தக் கூடாது. கொழுந்து வெட்டுகிற கத்தரியும் இப்போதைக்கு வேண்டாம். அதற்கு இரண்டு கையும் சம பலத்தோடு அமுக்க வேணும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சில மருந்துகள் ஏற்றிய பிறகு விரல் நுனியும் உள்ளங்காலும் மரத்துப் போகும். மாதக் கணக்கில் அப்படியே இருக்கும். இரண்டு இலையும் குருத்தும் கிள்ளுகிற விரலுக்கு உணர்ச்சி இல்லை என்றால் கிலோ குறையத்தான் செய்யும், முற்றின இலையும் சேர்ந்து வரும். உடனே "கவனமில்லாம எடுக்கிறா" என்று கொழுந்தைக் கழிக்கிறார்கள். காலில் உணர்ச்சி இல்லாதவர் ஏற்ற மலையில், ஈரப் பாறையில் வழுக்கி விழுவார். முள்ளும் கல்லும் கிழித்தது கூடத் தெரியாது. அவருக்கு வெறுங்கால் வேண்டவே வேண்டாம். மட்டமான மலை, ரோட்டோரம், தராசுக்குக் கிட்டிய நிரை கொடுங்கள். களைப்பும் அப்படித்தான். இது ஒரு நாள் தூங்கினால் தீருகிற களைப்பு இல்லை. காலை பத்து மணி வரை நன்றாக எடுத்தவர் பதினொரு மணிக்குத் தண்டு ஒடிந்த கொழுந்து மாதிரி துவண்டுவிடுவார். அதைச் சோம்பல் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கோபம்தான் வருகிறது.

ஒப்பரேஷன் பக்கத்துக் கையில் சிறு காயம் பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து வைத்து, மூடி வைக்க வேணும். தேயிலைச் சிம்பு கீறுவது, அட்டை கடிப்பது, உரம் பட்டுத் தோல் வெடிப்பது எல்லாம் நமக்குச் சாதாரணம். நிணநீர் தேங்கிய கையில் அதன் வழியாகக் கிருமி புகுந்தால் ஒரே இரவில் கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் அடிக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். விடியட்டும், சம்பள நாள் வரட்டும் என்று பார்க்கக் கூடாது. கைக்கு நீளக்கை சட்டையும் மெல்லிய கையுறையும் நல்லது. மருந்தடிக்கிற மலையில் அவரை நிறுத்த வேண்டாம். குளவிக் கூடு இருக்கிறது என்று தெரிந்த மலையில் யாரையுமே நிறுத்தக் கூடாது. அதைத் தனியாக ஒரு கூட்டத்தில் பேச வேணும்.

இலகு வேலை கொடுங்கள் என்றால், "தோட்டத்தில் இலகு வேலை எங்கே இருக்கிறது?" என்கிறார்கள். இருக்கிறது. பிள்ளை மடுவத்தில் உதவி, நாற்றுமேடையில் கன்றுக்குப் புல் எடுப்பது, ஸ்டோரில் தண்டு பொறுக்குவது, இளந்தேயிலையில் கொழுந்து எடுப்பது. மண் சுமப்பதும் முள்ளுக் குத்துவதும் இலகு வேலை ஆகாது. பிள்ளை மடுவத்திலும் கைப்பிள்ளையைத் தூக்கி இறக்குகிற வேலை ஒரு மூட்டை தூக்குவதற்குச் சமம் என்பதை மறக்க வேண்டாம். பெரிய பிள்ளைகளைப் பார்க்க விடுங்கள்.

கைக்காசு முறையில் எடுக்கட்டும், கிலோவுக்கு ஏற்ற காசு, நெருக்குதல் இல்லை என்று சில இடங்களில் சொல்கிறார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் பழகுவதற்கு அது உதவலாம். ஆனால் கைக்காசுக்கும் கொந்தரப்புக்கும் சேமலாப நிதி வெட்டுகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சம்மதிக்க வேணும். தற்காலிகம் என்று சொல்லிப் போனவர் திரும்பப் பேருக்கு வராமலே போன கதைகள் உண்டு. எத்தனை மாதம், எந்தத் திகதியில் பழையபடி பேர் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுத்து என்றதும் வைத்தியத் துண்டைப் பற்றிச் சொல்ல வேணும். பெரும்பாலும் "வேலைக்குத் தகுதி" அல்லது "தகுதி இல்லை" என்று ஒரு வரிதான் எழுதி வருகிறது. அதை வைத்துக்கொண்டு கங்காணியும் ஒன்றும் செய்ய முடியாது, துரையும் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது தோட்டத்து டாக்டரையாவிடம் சொல்லி, ஒரு தாளில் கேள்வியாக எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். எந்தப் பக்கத்துக் கை? எத்தனை கிலோ வரை தூக்கலாம்? தோளுக்கு மேலே கை உயர்த்தி வேலை செய்யலாமா? ஏற்ற மலையில் நிற்கலாமா? எத்தனை மணித்தியாலம்? அடுத்த கிளினிக் திகதிகள் எவை? பெரிய டாக்டருக்கு இதற்குப் பதில் எழுத இரண்டு நிமிஷம் போதும். அவருக்குத் தேயிலை மலை எப்படி இருக்கும் என்று தெரியாது, நாம் கேட்டால்தான் யோசிப்பார்.

கிளினிக் நாள் முக்கியம். கதிர் முடிந்தாலும் சிலருக்கு 21 நாளைக்கு ஒரு தடவை ஊசி ஒரு வருடம் வரை போகும். தமொக்சிபென் போன்ற குளிசை என்றால் தினமும் ஒன்று, குறைந்தது 5 வருடம். மலைக்கு வந்து உடம்பு தேறியதும், "எனக்கு இப்ப ஒண்ணுமில்ல" என்று குளிசையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தக் கூடாது. நோய் திரும்பி வராமல் காவல் நிற்பது அதுதான். திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கும், அது குளிசையின் குணம். கொஞ்சம் நிழலில் நின்று தண்ணீர் குடிக்க விடுங்கள். மற்ற மார்பையும் வருடா வருடம் பரிசோதிக்க வேணும். கிளினிக்குக்குப் போன நாளைக் காரணம் காட்டி வரவுக் கொடுப்பனவை வெட்டினால், அடுத்த தடவை அவர் போகமாட்டார்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மலையில் இலகு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டு, சாயந்தரம் அதே பெண் இரண்டு குடம் தண்ணீரும் ஒரு கட்டு விறகும் சுமந்து வருகிறார். கூடையைவிட விறகுக் கட்டுத்தான் பாரம். அண்ணன்மார், தம்பிமார், வளர்ந்த பிள்ளைகள் இதை எடுத்துச் செய்ய வேணும். கங்காணியைக் குறை சொல்வதற்கு முன்பு நம் வீட்டு அடுப்படியைப் பார்க்க வேணும் என்று நாங்கள் சொன்னால் சிலருக்குப் பிடிப்பதில்லை.

இது தொத்து வியாதி இல்லை. தனி டம்ளரும் வேண்டாம், பெரட்டில் ஒதுங்கி நிற்கவும் வேண்டாம். பீலிக்கரையில் குளிக்க வெட்கப்பட்டு, விடியுமுன் இருட்டில் தனியாகப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். மாதர் சங்கத்துச் சகோதரிகள் இரண்டு பேர் கூடப் போனால் என்ன? மார்பு எடுத்த பக்கத்துக்கு உள்பாடியில் ஒரு பை தைத்து, பஞ்சும் கொஞ்சம் பாரத்துக்குச் சிறு தானியமும் வைத்துத் தைத்த துணிப் பொதியைச் செருகினால் ஜாக்கெட் சரியாக நிற்கும், ஒரு பக்கம் சாய்ந்து நடப்பதும் குறையும். தையல் தெரிந்தவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். மழைக்காலத்துக்கு இரண்டு பொதி வேணும், தானியம் ஈரம் பட்டால் முளைத்துவிடும். சிரிக்கிறீர்கள், நடந்த விஷயம்தான் சொல்கிறோம்.

கேள்வி நேரத்தில் ஒரு கங்காணியார் எழுந்து, "அவவுக்கு மட்டும் நல்ல நிரை குடுத்தா மத்த பொம்பளைங்க சும்மா இருப்பாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் பதில் சொல்லும் முன்பே பின்வரிசையில் இருந்த ஒரு தலைவி சொன்னார்: "மொதல்ல எங்ககிட்ட கேளுங்க கங்காணியாரே. புள்ளத்தாச்சிக்கு நாங்க நிரை விட்டுக் குடுக்கலியா?" அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசி, தங்கள் பிரிவில் இப்போது சிகிச்சை முடித்து வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, முதல் மூன்று மாதம் ரோட்டோர நிரையும் அரைநாள் வேலையும் என்று வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்பதாக முடிவு செய்தார்கள். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வித் தாள் தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகி, தோட்டத்து மருந்துக் காம்பராவிலும் கொழுந்து மடுவத்திலும் வைக்கப்படும். தேவையானவர்கள் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.